சிபில் ஏன் பேசிலைக் கட்டிக்கொண்டாள்?

2025 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்து நடிகை ப்ருனெல்லா ஸ்கேல்ஸ் லண்டனில் தன் வீட்டில் காலமானபோது அவருக்கு வயது 93. மகன்கள் இருவரும் வெளியிட்ட அறிவிப்பில் ஒரு சின்னத் தகவல் இருந்தது: முந்தின நாள்கூட அம்மா தான் நடித்த ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள்கள் விடுமா? எல்லாத் தலைப்புகளும் அதில் அவர் ஏற்ற சிபில் ஃபால்ட்டி வேடத்தைப் பற்றித்தான். மேடை, வானொலி, சினிமா, தொலைக்காட்சி என்று அறுபது வருடத்துக்கும் மேல் உழைத்த ஒரு நடிகையை, மொத்தமே ஆறு மணி நேரம் சொச்சம் ஓடும் ஒரு நகைச்சுவைத் தொடருக்குள் அடைத்துவிட்டார்கள்.

இது அநியாயமா என்றால், கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அந்த ஆறு மணி நேரத்துக்கு அவர் எப்படித் தயாரானார் என்று தெரிந்துகொண்டால், மீதி வாழ்க்கையில் அவர் செய்ததும் பிடிபட்டுவிடும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக: இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் டோர்க்கீ என்ற ஊர். அங்கே ஒரு நடுத்தர ஹோட்டல். முதலாளி பேசில் ஃபால்ட்டி. வருகிற விருந்தினர்களையே பிடிக்காத ஹோட்டல்காரர். அவர் மனைவி சிபில். ஸ்பெயினிலிருந்து வந்த சர்வர் மானுவெல், எல்லாவற்றையும் சமாளிக்கும் பணிப்பெண் பாலி. 1970-இல் நடிகர் ஜான் கிளீஸ் தன் மான்டி பைதான் நகைச்சுவைக் குழு நண்பர்களுடன் டோர்க்கீயில் இருந்த கிளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலில் தங்கினார். அதன் முதலாளி டொனால்ட் சின்க்ளேரின் நடத்தை மற்றவர்களை விரட்டிவிட்டது. கிளீஸ் மட்டும் அங்கேயே இருந்து வேடிக்கை பார்த்தார். சில வருடம் கழித்து அந்த மனிதரை மையமாக வைத்து, அப்போதைய தன் மனைவி கானி பூத்துடன் சேர்ந்து எழுதியதுதான் இந்தத் தொடர்; பேசிலாக நடித்ததும் கிளீஸ்தான். 1975-இல் ஆறு பகுதிகள், 1979-இல் ஆறு பகுதிகள். அவ்வளவுதான். 2000-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அந்நாட்டின் மிகச் சிறந்த 100 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் வசனப்பிரதியைப் படித்த பிபிசி பிரதி எடிட்டர் ஒருவர் 1974-லேயே இது தேறாது என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்.

சிபில் வேடம் முதலில் ஸ்கேல்ஸுக்கு வரவில்லை. பிரிட்ஜெட் டர்னர் என்ற நடிகையைக் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இயக்குநர் ஜான் ஹவர்ட் டேவிஸ்தான் ஸ்கேல்ஸின் பெயரைச் சொன்னார். கிளீஸ் அவரைப் பார்க்கப் போனபோது அவர் உடம்பு சரியில்லாமல் படுக்கையில் இருந்தார். வசனப்பிரதியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் கிளீஸ். ஸ்கேல்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று: இவர்கள் இரண்டு பேரும் ஏன் கல்யாணம் செய்துகொண்டார்கள்? கிளீஸ் தலையில் கைவைக்காத குறை. இதைக் கேட்டுவிடுவீர்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன் என்ற தொனியில் ஏதோ சொல்லி நழுவினார்.

எழுதியவர்களிடமே பதில் இல்லை. சரி, நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று ஸ்கேல்ஸ் ஒரு முன்கதை கட்டினார். சிபிலின் குடும்பம் தெற்குக் கடற்கரையில் சாப்பாட்டுத் தொழிலில் இருந்தவர்கள். அவள் எங்கேயோ ஒரு பாரில் வேலை பார்த்தாள், பார்க்க அழகாக இருந்தாள். கட்டாய ராணுவ சேவை முடிந்து கையில் கொஞ்சம் காசுடன் பேசில் உள்ளே வந்தான். அவன் பேச்சின் மிடுக்கில், மேல்தட்டு பாவனையில் இவள் மயங்கினாள். ஆள் கொஞ்சம் மறை கழன்றவன் என்பது அப்போது தெரியவில்லை. பிறகு தெரிந்தபோது ஹோட்டல் வந்துவிட்டது, வருடங்கள் ஓடிவிட்டன.

இந்த முன்கதையில் ஒரு வரிகூடத் தொடரில் வராது. ஆனால் அது இல்லாவிட்டால் சிபில் ஒரு வெறும் ராட்சசி. பேசில் அவளை ‘என் குட்டி பிரானா மீனே’ என்கிறார், விஷப்பாம்புக் கூடு என்கிறார். அவள் சிரிப்பைக் கேட்டால் யாரோ சீல் விலங்கை இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதுபோல இருக்கிறது என்கிறார். கொடுமைக்காரப் பெண்டாட்டி, அவளுக்குப் பயப்படும் புருஷன் என்ற இந்தச் சட்டகம் அந்தக் காலத்து இங்கிலாந்து நகைச்சுவையில் சலித்துப்போன ஒன்று. எழுத்தில் சிபிலும் ஓரளவு அந்தச் சட்டகத்துக்குள்தான் இருந்திருப்பாள். முதல் வாசிப்பில் ஸ்கேல்ஸ் பேசியதைக் கேட்டு கிளீஸும் பூத்தும் கலங்கிப்போனார்கள். தாங்கள் மனதில் வைத்து எழுதிய பெண் இவள் இல்லையே என்று. கொஞ்ச நேரம் யோசித்த பிறகு, இது தங்களுடையதைவிட மேல் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வித்தியாசம் குரலில் இருந்தது. நம்மூரில் ஒருவர் வாயைத் திறந்தால் எந்த ஜில்லா என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். ஸ்கேல்ஸ் சிபிலுக்குக் கொடுத்தது பேசிலைவிட ஒரு படி கீழே உள்ள குரல். கொஞ்சம் நாசியில், கொஞ்சம் இழுவையாக, மேல்தட்டைப் பார்த்துப் பழகிக்கொண்ட மரியாதைச் சொற்களை மேலே பூசிக்கொண்ட குரல். பேசில் பிரபுப் பட்டம் உள்ளவர்களைக் கண்டால் குழைபவர். அப்படிப்பட்டவர் தன் மனைவியின் பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்! அவருடைய பாதி எரிச்சலுக்கு வசனத்தில் காரணம் தேடவே வேண்டாம், அந்தக் குரலே போதும்.

தொலைபேசியில் அவள் தன் தோழி ஆட்ரியுடன் பேசுவதைக் கவனியுங்கள். எதிர்முனையில் ஆட்ரி தன் குடும்பத் துயரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். நமக்குக் கேட்பது சிபில் மட்டும். ‘தெரியும்... ஐயோ தெரியும்... தெரியும்...’ என்ற ஒரே சொல், ஒவ்வொரு முறையும் வேறு ஸ்தாயியில். முதல் தெரியும் அனுதாபம். இரண்டாவது, நானும் இதே நரகத்தில்தான் இருக்கிறேன் என்கிறது. மூன்றாவதில் அவள் கவனம் ஏற்கெனவே கையிலிருக்கும் சிகரெட்டுக்குப் போய்விட்டது. பிறகு திடீரென்று ரிசீவரைச் சற்றுத் தள்ளி வைத்து ‘பேசில்!’ என்று ஒரு கூவல். அந்த இரண்டு அசையில் பேசில் எந்த அறையில் எந்தத் திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தாலும் உறைந்துவிடுவார். கதையை ஓட்டும் இயந்திரத்தில் அந்தக் கூவல் ஒரு முக்கியமான பல்சக்கரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோட்டலில் வேலை தெரிந்த ஒரே முதலாளி சிபில்தான். கணக்கு அவளுக்குத் தெரியும், விருந்தினரிடம் பேசத் தெரியும், எந்தக் கட்டட மேஸ்திரி ஏமாற்றுவான் என்று தெரியும். ‘தி பில்டர்ஸ்’ பகுதியில் காசை மிச்சம் பிடிக்க பேசில் கூட்டிவந்த ஓரைலி என்ற அரைகுறை மேஸ்திரியின் ஆட்கள் கதவை இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். சிபில் வந்து குடையை எடுத்து ஓரைலியை விளாசுகிறாள். அந்தப் பகுதி பதிவானபோது அரங்கில் சிரிப்பே சரியாக எழவில்லையாம்; முன்வரிசைகளில் ஐஸ்லாந்து ஒலிபரப்புக் கழகத்திலிருந்து வந்த விருந்தினர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள் என்று கிளீஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். இப்போது போட்டுப் பாருங்கள், ஸ்கேல்ஸிடம் எந்தத் தடுமாற்றமும் இருக்காது. சிரிப்பு வரும் என்று நம்பி அடிக்கவில்லை அவர். சிபிலுக்குக் கோபம் வந்தது, அடித்தாள்.

இந்த மாதிரித் தொடர்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். சில நாள் ஒத்திகை, பிறகு பிபிசி ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் முன் ஒரே மாலையில் பதிவு. பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். கிட்டத்தட்ட மேடை நாடகம்தான். அதிலும் ஃபால்ட்டி டவர்ஸின் வசனப்பிரதி மற்ற தொடர்களுடையதைவிட இரண்டு மடங்கு கனம். நிறையப் பேச வேண்டும், நிறைய ஓட வேண்டும், கதவுகள் நொடி பிசகாமல் திறந்து மூட வேண்டும். சினிமாவிலிருந்து வந்தவர்களுக்கு இது கைகொடுக்காது. நாடகக் கம்பெனிகளில் வாரத்துக்கு ஒரு நாடகம் என்று அடிபட்டு வந்தவர்களுக்குத்தான் சரிப்படும். ஒரு வருடத்துக்கு ஆறு பகுதி என்றால் நடிகைக்கு மற்ற மாதங்கள் காலியாக இருக்கும் என்பதும் முக்கியம். அந்தக் காலி மாதங்களில்தான் ஸ்கேல்ஸ் தன் உண்மையான வேலை என்று நினைத்ததைச் செய்தார்.

அவர் பிறந்தது 1932-இல், சரே மாவட்டத்தில். அப்பா பெயர் இல்லிங்வொர்த். அம்மா கேத்தரின் ஸ்கேல்ஸ் ஒரு நடிகை; மேடைக்கு அம்மாவின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். லண்டனில் ஓல்ட் விக் நாடகப் பள்ளி, பிறகு 1951-இல் பிரிஸ்டல் ஓல்ட் விக்கில் உதவி மேடை நிர்வாகி வேலை. டீ வாங்கி வருவதிலிருந்து சாமான் எடுத்து வைப்பது வரை அதில் அடக்கம். 1954-இல் இயக்குநர் டேவிட் லீனின் ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’ படத்தில் மூன்று மகள்களில் ஒருத்தி. 1955-இல் ‘தி மேட்ச்மேக்கர்’ நாடகத்துடன் நியூயார்க் போனவர், அங்கே நடிப்பு ஆசிரியர் ஊட்டா ஹேகனிடம் பயிற்சி எடுத்தார். பாத்திரம் எங்கிருந்து வருகிறது, இப்போது என்ன வேண்டும் என்று நிற்கிறது என்றெல்லாம் நடிகர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஹேகனின் பாடம். கிளீஸிடம் கேட்ட கேள்விக்கு வேர் அங்கே இருக்கலாம்.

தொலைக்காட்சியில் முதல் புகழ் 1963-இல் வந்தது. ‘மேரேஜ் லைன்ஸ்’ என்ற பிபிசி தொடரில் ரிச்சர்ட் பிரையர்ஸுக்கு ஜோடியாகப் புது மனைவி கேட். சம்பளம் போதாத இளம் தம்பதியின் சின்னச் சின்னச் சண்டைகள். 1966 வரை ஓடியது. பிரையர்ஸுக்கு அது பெரிய ஏணி. ஸ்கேல்ஸுக்கும் ஏணிதான், ஆனால் ‘நல்ல பிள்ளை மனைவி’ என்ற முத்திரையும் கூடவே வந்தது. சிபில் அந்த முத்திரையைக் கிழித்தாள் என்றால், அதற்கு இடையில் பத்து வருடம் ஆனது.

அவருடைய சொந்தக் கல்யாணத்துக்குக் காரணம் ஒரு வேலைநிறுத்தம். 1961-இல் பிபிசி நாடகம் ஒன்றில் டிமத்தி வெஸ்ட் என்ற நடிகருக்கும் இவருக்கும் சின்ன வேடங்கள். ஒத்திகையில் மூலையில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன்கள் வேலைநிறுத்தம் செய்ததால் நாடகம் ரத்து. இருவரும் சினிமாவுக்குப் போனார்கள். 1963-இல் திருமணம். மூத்த மகன் சாமுவேல் வெஸ்ட்டும் நடிகர். (ஃபால்ட்டி டவர்ஸின் கடைசிப் பகுதியும் ஒரு வேலைநிறுத்தத்தில் மாட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போய் 1979 அக்டோபரில்தான் ஒளிபரப்பானது. பிரிட்டனின் எழுபதுகள் அப்படி.)

சிபிலுக்குப் பிறகு அதே மாதிரி வேடங்கள் கொட்டியிருக்கும். அவர் எடுத்துக்கொண்டது மகாராணிகளை! முதலில் விக்டோரியா. அரசியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மட்டுமே வைத்துத் தொகுத்த ஒரு மேடை நிகழ்ச்சி; கூட ஒரு பாடகர், ஒரு பியானோக்காரர். பேச்சு முழுக்க இவர்தான். சிறுமியாகத் தொடங்கி, புருஷனை இழந்து, கிழவியாகி முடிப்பார். இதைப் பல வருடம் பல நாடுகளில் நடத்தினார்.

அடுத்தது ரொம்பத் துணிச்சலானது. 1988-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நாடகாசிரியர் ஆலன் பென்னட்டின் ‘எ க்வெஸ்சன் ஆஃப் அட்ரிபியூஷன்’. ஆட்சியில் இருக்கும் இரண்டாம் எலிசபெத்தையே மேடையில் பாத்திரமாக்கிய நாடகம். நேஷனல் தியேட்டர் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. அரண்மனையின் ஓவியங்களுக்குப் பொறுப்பாளர் ஆன்டனி பிளன்ட். அவர் சோவியத் உளவாளி என்பது 1979-இல் நாடாளுமன்றத்தில் அம்பலமான உண்மைச் சம்பவம். நாடகத்தில் அரசி திடீரென்று அறைக்குள் வந்து அவரிடம் போலி ஓவியங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறார். போலி என்று எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு என்ன செய்வது? ஓவியத்தைப் பற்றித்தான் கேட்கிறாரா, எதிரே நிற்கும் ஆளைப் பற்றியா? ஸ்கேல்ஸ் எதையும் கோடிகாட்டாமல், கைப்பையைப் பிடித்த பிடியை மாற்றாமல் பேசிக்கொண்டு போவார். கேலிச்சித்திரம் ஆகிவிட எல்லா வாய்ப்பும் இருந்த இடத்தில் அவர் ஒரு புத்திசாலிப் பெண்ணை நிறுத்தினார். 1991-இல் பிபிசி இதைப் படமாக்கியது. பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவில் சிறந்த நடிகைக்கான பரிந்துரை அவருக்குக் கிடைத்தது. 1992-இல் சிபிஇ என்ற அரச கௌரவப் பட்டம் வாங்க அரண்மனைக்குப் போனபோது, இதை நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ என்ற பொருளில் அரசி சீண்டியதாக ஒரு கதை உண்டு.

நகைச்சுவைத் தொடரை அவர் விட்டுவிடவும் இல்லை. ‘ஆஃப்டர் ஹென்றி’ என்ற தொடர் என் பார்வையில் சிபிலுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது பெற்றிருக்க வேண்டியது. சைமன் பிரெட் எழுதியது. கணவனை இழந்த நாற்பது சொச்சம் வயதுப் பெண் சாரா. ஒரே வீட்டில் அவளுடைய தாய், அவளுடைய மகள். மூன்று தலைமுறை, நடுவில் இடிபடுகிறவள் இவள். 1985-இல் பிபிசி ரேடியோவில் தொடங்கி நேயர்களை அள்ளியது. பிபிசி தொலைக்காட்சி தயங்கிக்கொண்டே இருக்க, போட்டி நிறுவனமான தேம்ஸ் டெலிவிஷன் தட்டிக்கொண்டு போய் 1988 முதல் ஐடிவி என்ற தனியார் சேனலில் ஒளிபரப்பியது. தாய் வேடத்தில் ஜோன் சாண்டர்ஸன். ஃபால்ட்டி டவர்ஸில் காது கேட்கும் கருவியை அணைத்து வைத்துக்கொண்டு பேசிலைப் பாடாய்ப் படுத்தும் மிஸஸ் ரிச்சர்ட்ஸாக வந்தவர் அவர்தான். சிபில் எல்லோரையும் வாட்டுவாள். சாராவை எல்லோரும் வாட்டுவார்கள். அதே நடிகை, அதே அரைமணி நேரம். சாண்டர்ஸன் 1992-இல் காலமானார். தொடரும் அந்த வருடத்தோடு நின்றது.

நடுவில் ‘மாப் அண்ட் லூசியா’ (1985, 1986). ஒரு சின்ன ஊரின் சமூகப் பட்டத்துராணியாக இருப்பது யார் என்று இரண்டு சீமாட்டிகள் தேநீர்க் கோப்பைகளுக்கு மேல் நடத்தும் யுத்தம். ஜெரால்டின் மெக்யூவனுக்கு எதிராக ஸ்கேல்ஸ். 1995 முதல் பத்து வருடத்துக்கு டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் விளம்பரங்களில் டாட்டி என்ற தொணதொணக்கும் அம்மா; மகளாக ஜேன் ஹாரக்ஸ். விமர்சகர்கள் பேசாத, ஆனால் நாடே பார்த்த வேலை அது. இப்படி மேடைக்கும் மளிகைக்கடை விளம்பரத்துக்கும் கூச்சமில்லாமல் போய்வருவது அந்தத் தலைமுறை இங்கிலாந்து நடிகர்களின் குணம்.

ஓய்வு அவராக எடுத்துக்கொண்டதல்ல. வசனம் நினைவில் நிற்கச் சிரமப்படுவதை முதலில் கவனித்தவர் வெஸ்ட். மேடை மெல்லக் கைவிட்டுப் போயிற்று. வானொலியில் தாளைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கலாம் என்பதால் அங்கே இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க முடிந்தது. நடிகை பட்ரீஷியா ரவுட்லெட்ஜுடன் அவர் செய்த ‘லேடீஸ் ஆஃப் லெட்டர்ஸ்’ என்ற கடித நகைச்சுவை 2010 வரை வந்தது. 2014-இல் அவருக்கு வாஸ்குலர் டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதைக் குடும்பம் வெளிப்படையாகச் சொன்னது.

அதே வருடம் சேனல் 4-இல் ‘கிரேட் கனால் ஜர்னீஸ்’ என்ற படகுப் பயண நிகழ்ச்சியை இவரும் வெஸ்ட்டும் தொடங்கினார்கள். கால்வாய்ப் படகு அந்தத் தம்பதிக்குப் பழைய பைத்தியம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே தொடங்கியது. 1990-இல் சீரமைத்துத் திறக்கப்பட்ட கென்னட்–ஏவன் கால்வாயை முழு நீளத்துக்கும் முதலில் கடந்தவர்களில் இவர்களும் உண்டு. ஏழடி அகலமே உள்ள நீளப் படகு, நடக்கிற வேகம். வெஸ்ட் சுக்கானைப் பிடிக்க, ஸ்கேல்ஸ் கரையில் இறங்கி மதகைத் திறப்பார். இங்கிலாந்துக் கால்வாய்கள், பிரான்ஸ், வெனிஸ் என்று போய்க் கேரளத்துக் காயல் வரை வந்தார்கள். நிகழ்ச்சிக்கு எழுதப்பட்ட வசனம் கிடையாது. மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லாததால், நடிக்க முடியாமல் போன பிறகும் பல வருடம் அவரால் கேமரா முன் இருக்க முடிந்தது. மறதியைப் பற்றி வெஸ்ட் அலட்டிக்கொள்ளாமல் பேசுவார். அவள் மறந்தால் என்ன, அந்த நேரத்தில் பார்ப்பதை ரசிக்கிறாள் அல்லவா என்பதுதான் அவர் தொனி. சோகப் பின்னணி இசையோடு எடுக்கப்படும் எத்தனையோ ஆவணப்படங்களைவிட இந்த நிகழ்ச்சி அந்த நோயைப் பற்றிச் சாதாரண வீடுகளில் பேசவைத்தது.

2019-இல் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். படகை அடுத்து எடுத்துக்கொண்டவர்கள் நடிகை ஷீலா ஹான்காக், எழுத்தாளர் கைல்ஸ் பிரான்ட்ரெத். 2024 நவம்பரில் வெஸ்ட் காலமானார், ஸ்கேல்ஸுக்குப் பதினோரு மாதம் முன்பு.